ரொறன்ரோ பார்த்துவிட்டு வொண்டர்லாண்ட் போகிறவர்கள் கவனிக்க: காசு பறிபோகும் இடங்கள்

பியர்சன் விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளிக்கதவைத் தாண்டியதும் ஒருவர் கிட்ட வருவார். கழுத்தில் ஏதோ ஒரு அட்டை தொங்கும், கையில் கார்ச் சாவி இருக்கும். "டாக்சி வேணுமா சேர்? டவுன்டவுனுக்கு அறுபது டொலர்தான்" என்பார். நெடுந்தூரம் பறந்து வந்த களைப்பு, பிள்ளைகளின் சிணுங்கல், இரண்டுக்கும் நடுவில் அந்த அறுபது நியாயமாகவே படும். கார் தரிப்பிடத்தின் மேல்மாடி ஒன்றில் நிற்கும். கூரையில் விளக்கு இராது, உள்ளே மீட்டர் இராது. போய் இறங்கும்போது அறுபது என்றது ஆளுக்கு என்றாகும், பெட்டிக்குத் தனிக்காசு என்றாகும். பெட்டிகள் இன்னும் டிக்கிக்குள் பூட்டிக் கிடக்க, வாதாட யாருக்கும் மனம் வராது. கேட்டதைக் கொடுத்துவிட்டு இறங்குவார்கள்.

உரிமம் பெற்ற டாக்சிக்காரர் இப்படிக் கிட்ட வந்து ஆள் பிடிக்க மாட்டார். அப்படிப் பிடிப்பது சட்டவிரோதம். டாக்சிகளும் லிமோசின்களும் வெளியே தங்களுக்குரிய வரிசையில் நிற்கும். விமான நிலையத்தில் இருந்து போகும் இடத்துக்கு ஏற்ப நிலையான கட்டணம் உண்டு. ஏறுமுன் அந்தக் கட்டணப் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். டவுன்டவுனில் தங்குகிறவர்களுக்கு டாக்சியே தேவையில்லை. டெர்மினல் 1-இல் இருந்து யூ.பி. எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் யூனியன் ஸ்டேஷனில் இறக்கிவிடும். டெர்மினல் 3-இல் வந்திறங்கினால், இரண்டையும் இணைக்கும் சிறு ரயில் இலவசம். டிக்கெட் வாங்கினால் 12.35 டொலர், வாசலில் உள்ள மெசினில் பிரெஸ்டோ என்ற போக்குவரத்து அட்டையையோ கடனட்டையையோ தட்டிவிட்டு ஏறினால் 9.25. பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளுக்கு இலவசம்.

இதைவிட மோசமான டாக்சி மோசடி ஒன்று நகருக்குள் நடக்கிறது. ரொறன்ரோ பொலிஸ் இதைப்பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் டாக்சி போலத் தோன்றும் கார் நிற்கும். பக்கத்தில் ஒரு இளைஞர் தவித்துக்கொண்டு நிற்பார்: "டிரைவர் காசு வாங்கமாட்டாராம், கார்ட்தான் வேணுமாம். உங்கள் கார்டால் கட்டிவிடுங்கோ, நான் கையில காசு தாறன்." இரக்கப்பட்டு வங்கி அட்டையை நீட்டினால், டிரைவர் தன் மெசினில் அதைச் செருகி, பின் (PIN) என்னும் இரகசிய இலக்கத்தை அழுத்தச் சொல்வார். அந்த மெசின் இலக்கத்தைப் பதிந்துகொள்ளும். திரும்பக் கொடுக்கும் அட்டை அதே வங்கியின், அதே நிறத்து, வேறொருவருடைய அட்டை. நோட்டு கையில் இருப்பதால் சந்தேகமே வராது. அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் கணக்கு வழித்துத் துடைக்கப்பட்டிருக்கும். பின் இலக்கம் சரியாகவே அழுத்தப்பட்டதால், பணத்தைத் திருப்பித் தர வங்கியும் இழுத்தடிக்கும். அந்த இளைஞரும் டிரைவரும் கூட்டாளிகள். யாருடைய பயணத்துக்கும் உங்கள் அட்டையைக் கொடுக்காதீர்கள். உண்மையான டாக்சியில் கட்டணம் கட்டினாலும் அட்டையை நீங்களே செருகி நீங்களே எடுங்கள், கையில் வந்த அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு 407 என்ற சுங்க நெடுஞ்சாலைதான் பொறி. வொண்டர்லாண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள வோகன் நகரில், 400-ஆம் நெடுஞ்சாலைக்கும் ஜேன் வீதிக்கும் நடுவில், ரதர்ஃபோர்ட் வீதிக்கும் மேஜர் மெக்கன்சிக்கும் இடையில் இருக்கிறது. 407 அதற்குத் தெற்கே ஓடுகிறது. ஸ்காபரோவில், மார்க்கம் நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் போகிற நம்மவர்களை ஜி.பி.எஸ் நேரே 407-இல்தான் ஏற்றும், அதுதான் விரைவான வழி. அங்கே கட்டணச்சாவடி கிடையாது, தடுப்புக் கம்பி கிடையாது. கமரா இலக்கத்தகட்டைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான். பில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அது சாலைக் கட்டணத்தோடு, கமராக் கட்டணத்தோடு, தன் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்து, நீங்கள் ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து உங்கள் அட்டையில் இருந்து எடுக்கும். பத்து நிமிட ஓட்டத்துக்கு இத்தனையா என்று அப்போது தலையில் கைவைக்க வேண்டியதுதான். வாடகை ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருப்பதால் எதிர்த்துப் பேசவும் இடமில்லை.

"407-இல் காசை நிறுத்திவிட்டார்களே" என்று சிலர் சொல்வார்கள். 2025 ஜூனில் கட்டணம் நீக்கப்பட்டது மாகாண அரசின் கையில் இருந்த கிழக்குப் பகுதிக்கு மட்டுமே, அதாவது பிக்கரிங்கில் புரோக் வீதிக்குக் கிழக்கே. மார்க்கத்தில் இருந்து வோகன் வரை முழுவதும் கட்டணப் பகுதிதான். காரை எடுத்த உடனேயே போனில் சுங்கச்சாலையைத் தவிர்க்கும் தெரிவை அழுத்திவிடுங்கள். ஸ்காபரோவில் இருந்து 401-இல் மேற்கே போய் 400-இல் வடக்கே ஏறுங்கள், ரதர்ஃபோர்டில் இறங்கலாம். பியர்சனில் இருந்து நேரே போனால் 427-இல் வடக்கே போய் ரதர்ஃபோர்டில் கிழக்கே திரும்பலாம். நேரம் கொஞ்சம் கூடும், காசு போகாது.

கார் இல்லாமலும் போகலாம். சப்வேயின் முதலாம் லைனில் வோகன் மெட்ரோபொலிட்டன் சென்டர் வரை போய், அங்கிருந்து ஜேன் வீதி வழியே போகும் 20-ஆம் இலக்க வை.ஆர்.ரி (யோர்க் பிராந்திய) பஸ். லைன் ஆங்கில யூ எழுத்துப் போல வளைந்தது. யூனியனில் ஏறும்போது ஃபிஞ்ச் பக்கம் போகும் ரயிலில் ஏறிவிட்டால் நகரின் மறுபுறம் போய்ச் சேர்வீர்கள். அட்டையைத் தட்டினால் சப்வேக்கு 3.30 டொலர், 2024 பெப்ரவரியில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்த பஸ்ஸுக்கு மாறுவது இலவசம். ஆனால் இரண்டிலும் ஒரே அட்டையைத் தட்ட வேண்டும். ரயிலில் போனையும் பஸ்ஸில் அட்டையையும் தட்டினால், இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும், இரண்டு கட்டணம் போகும். சில்லறைக் காசாகக் கொடுத்தால் இந்தச் சலுகையே இல்லை. வார இறுதிகளில் லைனின் ஒரு பகுதியைத் திருத்த வேலைக்காக மூடுவது வழக்கம். முதல்நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டில் ஏமாறுகிறவர்களைப் பார்த்தால்தான் மனம் நோகும், ஏனென்றால் அதில் அழுவது பிள்ளைகள். வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் "போக முடியாமல் போய்விட்டது, நாலு டிக்கெட் பாதி விலைக்கு" என்று ஒருவர் போடுவார். இன்டராக் என்ற வங்கிவழிப் பணமாற்றில் பணம் அனுப்பியதும் பார்கோட் படம் வரும். அதே படம் இன்னும் பத்துப் பேருக்கும் போயிருக்கும். பார்கோட் ஒருமுறைதான் செல்லும், வாசலில் முதலில் காட்டுகிறவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். இன்டராக்கில் அனுப்பிய பணம் மற்றவர் கணக்கில் விழுந்தபின் திருப்பி எடுக்க முடியாது. சீசன் பாஸை "ஒருநாள் வாடகைக்கு" கொடுப்பவர்களும் உண்டு. பாஸில் அதற்குரியவரின் படம் பதிந்திருப்பதால் வாசலிலேயே பிடிபடும். வொண்டர்லாண்டின் சொந்தத் தளத்தில் முன்கூட்டியே வாங்கினால் வாசல் விலையைவிடக் குறைவு, பாதி விலைக்காரரைத் தேடவே வேண்டாம். ஃபாஸ்ட் லேன் என்பது வரிசையைக் குறைக்கும் சீட்டு மட்டுமே, அதை மட்டும் வாங்கினால் உள்ளே விடமாட்டார்கள். நீர்விளையாட்டுப் பகுதியான ஸ்பிளாஷ் வேர்க்ஸ் நுழைவுச்சீட்டிலேயே அடங்கும், அதற்குத் தனி டிக்கெட் விற்கிறவர் ஏமாற்றுக்காரர். செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டே விடுமுறை கழிந்தபின் பெரும்பாலும் வார இறுதிகளில்தான் திறந்திருக்கும், நாளைப் பார்த்து வாங்குங்கள். லெவையதன், பெஹெமத் என்ற ரோலர் கோஸ்டர்கள் இரண்டுக்கும் பிள்ளையின் உயரம் 54 அங்குலம் இருக்க வேண்டும். வீட்டிலேயே அளந்து பார்த்துவிடுங்கள்.

குறுகிய நாள் வாடகைக்கு வீடு எடுப்பவர்கள் விளம்பரத்தில் ரொறன்ரோ மாநகரின் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், அது கட்டாயம். இலக்கத்தைக் கேட்டதும் "தளத்துக்கு வெளியே பணம் அனுப்புங்கள், குறைத்துத் தருகிறேன்" என்று பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள்.

உணவகங்களில் எழுதியிருக்கும் விலையோடு 13 வீத வரி சேரும். கூட்டமாகப் போனால் பில்லிலேயே ரிப்ஸை (பரிமாறுகிறவருக்கான அன்பளிப்பை) சேர்த்துவிடும் இடங்கள் உண்டு, அதற்குப்பிறகும் மெசின் 18, 20, 25 வீதம் என்று கேட்கும். பில்லை வாசித்துவிட்டு அழுத்துங்கள். மெசின் உங்கள் நாட்டுப் பணத்திலா, கனடிய டொலரிலா என்று கேட்டால் எப்போதும் கனடிய டொலர்.

ஏமாந்துவிட்டால், முதலில் அட்டையின் பின்புறம் உள்ள இலக்கத்துக்கு அழைத்து அட்டையை முடக்குங்கள். அடுத்து ரொறன்ரோ பொலிஸின் அவசரமல்லாத இலக்கம் 416-808-2222. கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் சொல்லுங்கள்: 1-888-495-8501. வொண்டர்லாண்ட் இருக்கும் வோகன் ரொறன்ரோ பொலிஸின் எல்லைக்குள் இல்லை. அங்கே நடந்ததை யோர்க் பிராந்தியப் பொலிஸிடம்தான் முறையிட வேண்டும்.