ஆளிநார் 'டோ': பனிக்காலத்துக்கு நாலரை நட்சத்திரம், சருகுக்காலத்துக்கு இரண்டு

பழங்கால வகைத் துப்பாக்கியில் வெடிமருந்தின்மேல் அடைப்பாகத் திணிக்க வாங்கிய நார் இது. பையில் நாலு அவுன்ஸ் என்று போட்டிருந்தது. பிரித்ததும் மேசை முழுக்கப் பொங்கிவிட்டது. சாம்பலும் வைக்கோலும் கலந்த நிறம், லேசாக ஈரத்தரை வாசம். ஆளிச்செடியின் தண்டை ஊறவைத்து அடித்து, இரும்புச் சீப்பில் வாரும்போது நீள இழை லினன் துணிக்குப் போய்விடும். சீப்புப் பல்லில் சிக்கி நிற்கும் குட்டை இழைக்கு இங்கே 'டோ' என்று பெயர். ஊரில் பிளம்பர் குழாய் மரையில் சுற்றுகிற சணலுக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 20 போர் (bore) ஃப்ளின்ட்லாக், அதாவது சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கும் துப்பாக்கி. குழலுக்குள் சுருள் வரிப்பள்ளம் வெட்டாத வழுக்குக் குழல். ஒரு பவுண்டு ஈயத்தை 20 குண்டாக வார்த்தால் அதில் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 15.6 மில்லிமீட்டர். சுடுவது களிமண் தட்டும் காகிதமும்தான். வீட்டில் சைவம், அதனால் முயல், அணில் எதுவும் என்னைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. (இந்தியாவில் இந்த மாதிரித் துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள்.)

இதில் தோட்டா கிடையாது. குழல்வாயில் கருமருந்தைக் கொட்டி, அதன்மேல் ஓர் அடைப்பு, அடைப்பின்மேல் ரவை (சின்னச் சின்ன உலோகக் குண்டுகள்), ரவை கொட்டிவிடாமல் இன்னொரு சின்ன அடைப்பு. கீழ் அடைப்பு ஒழுங்காக உட்காராவிட்டால் வெடிக்கிற வாயு ரவைக்கு நடுவே பூந்துவிடும். சத்தம் மட்டும் நன்றாக வரும். கடையில் வெட்டி விற்கிற அட்டை வில்லையும் கம்பளி ஃபெல்ட் வில்லையும்தான் இதற்கு எல்லாரும் வாங்குவது. நானும் அதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வில்லை தீர்ந்த ஒரு வாரம், பழங்காலச் சாமான் விற்கும் சிறு கடை ஒன்றில் இந்தப் பையை வரவழைத்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கீழ் அடைப்புக்குப் பெரிய நெல்லிக்காய் அளவு பிய்த்து உருட்டிக்கொண்டால் போதும். கெட்டிக்கிற கோலால் குழலுக்குள் தள்ளும்போது முதலில் மெத்தென்று போகும், பிறகு இறுகும், மருந்தின்மேல் உட்கார்ந்ததும் கோல் கையில் துள்ளிக் காட்டும். குழலில் எந்த இடத்தில் சற்று அகலம், எந்த இடத்தில் குறுகல் என்றெல்லாம் கவலைப்பட வேண்டாம், இழை அதற்கேற்ப வளைந்துகொள்கிறது. போகிற போக்கில் குழலையும் துடைத்துவிடுகிறது. கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாகத்தான் மிஞ்சும். அந்தக் கரி குழலில் படியப் படிய அட்டை வில்லை திணறும். டோவுக்கு அந்தத் திணறல் குறைவு. சுட்டு முடித்து வீட்டுக்கு வந்ததும் அதே டோவைக் கோல் நுனியில் மாட்டும் திருகுமுள்ளில் சுற்றி, வெந்நீரில் நனைத்துக் குழலைக் கழுவலாம். அந்தக் காலச் சிப்பாயும் அப்படித்தான் கழுவினான்.

காகிதத்தில் ரவை எப்படி விழுகிறது? அரை அங்குலத் தடிமனுள்ள ஃபெல்ட் வில்லையோடு ஒப்பிட்டால் டோ தேவலை. அந்தத் தடி வில்லை வாயை விட்டு வந்த பிறகும் ரவைக் கூட்டத்தின் முதுகில் இடித்து நடுவில் ஓட்டை போடும் பழக்கம் உள்ளது. டோ காற்றுப் பட்டதும் பிரிந்து உதிர்ந்துவிடும். 20 கஜத்தில் என் காகிதத்தில் பரவல் சீராக இருந்தது. மெல்லிய அட்டை வில்லை இதைவிடக் கொஞ்சம் நெருக்கமாகப் போடுகிறது என்பதையும் மறைக்கவில்லை.

இனி தீ.

டோ எரியும். அதைவிட மோசம், புகைந்துகொண்டே கிடக்கும். சுட்டபின் சரளைத் தரையில் சில கஜ தூரத்தில் கறுத்த துணுக்குகள் விழுந்து மெல்லப் புகை விடும். பனி மூடிய டிசம்பரில் அது வேடிக்கை. அக்டோபரில் ஓக் மரத்துச் சருகு கணுக்கால் அளவு கிடக்கும்போது அது வேடிக்கை இல்லை. எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் டோ பயன்படுத்துகிறவர் பக்கத்தில் தண்ணீர் வாளி இல்லாவிட்டால் சுடவே விடமாட்டார்கள். அளவுக்கு மீறிய பயம் என்று நினைப்பவர்கள் லண்டன் குளோப் நாடக அரங்கை நினைத்துக்கொள்ளட்டும். 1613 ஜூன் 29 அன்று மேடைக்காகச் சுட்ட பீரங்கியின் அடைப்பு கூரை வேய்ந்த வைக்கோலில் போய் உட்கார்ந்தது, அரங்கமே சாம்பல். உயிர்ச்சேதம் இல்லை. ஒருவர் கால்சட்டையில் தீப்பிடித்து, பக்கத்தில் இருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம்.

தரையைவிடக் குழலுக்குள் மிஞ்சும் துணுக்குதான் எனக்குப் பெரிய கவலை. அது கனன்றுகொண்டிருக்கும்போது அடுத்த மருந்தைக் கொட்டினால் கை போய்விடும். அதனால் டோவில் சுடும் நாளில் அவசரமே இல்லை. சுட்டதும் ஈரத்துணி ஒரு முறை உள்ளே போய் வர வேண்டும், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், மருந்தை அது வைத்திருக்கும் மாட்டுக்கொம்புக் குடுவையிலிருந்து நேராகக் கொட்டாமல் அளவுக் குப்பியில் தனியாக எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். வேகமாகச் சுட்டுத் தள்ள விரும்புகிறவருக்கு இந்தப் பை ஆகாது.

இங்கேதான் விற்பனையாளர்மேல் என் ஒரே குறை. இழையோடு உடைந்த தண்டுச் சக்கை நிறைய வந்திருந்தது. இழை சட்டென்று எரிந்து தீரும். சக்கை கங்காக நிற்கும். வெள்ளைத்தாள் விரித்து இழையை உதறிப் பொறுக்கிய பிறகு தரையில் புகைவது கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தது. பொறுக்கிய வேலைக்குக் கூலி யார் தருவது?

தேங்காய் நாரையும் வைத்துப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன் வேறு என்ன செய்வான்? எங்கள் பெரியப்பா உரிமத்தோடு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியில் வேறு எதையும் திணித்து நான் பார்த்ததில்லை. தோப்பில் விழுந்த மட்டையைக் கல்லில் தட்டி நார் எடுத்துக் கெட்டிப்பார். இங்கே தோட்டக் கடையில் தொங்கு தொட்டிக்கு விரிக்கிற நார்ப்பாய் கிடைக்கிறது. ஆனால் முறுக்கான நார். கோலை எடுத்ததும் நிமிர்ந்து மேலே ஏறப் பார்க்கிறது. அடைப்புக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் குழல் புடைத்துப்போகும், எனவே இது சின்ன விஷயம் இல்லை. கையால் நன்றாகக் கசக்கி, டோவைவிட அதிகம் எடுத்து இறுக்கினால் நிற்கிறது. தீ விஷயத்தில் டோவுக்கு அண்ணன். பெட்டிக்கடை வாசலில் பீடி பற்றவைக்கக் காலையிலிருந்து ராத்திரிவரை கனன்று தொங்கும் கயிறு எந்த நாரில் திரித்தது என்று தெரிந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சருகுக்காலத்துக்கு நான் திரும்பிப் போவது ஆட்டு ரோமத்துக்குத்தான், நூற்காத வெறும் கம்பளி. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பருத்தி எரிய 18 சொச்சம் போதும், ஆளியும் கிட்டத்தட்ட அதே ரகம். கம்பளிக்கு 25 வாக்கில் வேண்டும், அதனால் வெடிப்பின் சுவாலை விலகியதும் தானே அணைந்துவிடும். கருகிய மயிர் நாற்றம் மட்டும் சட்டையில் வீடுவரை வரும். கழுவாத ரோமத்தின் எண்ணெய்ப்பசை குழலுக்கு நல்லது. ஆனால் டோ மாதிரி இறுகாது, விலையும் கூட. கிளப்பில் பெரியவர்கள் சிலர் குளிர்காலத்தில் காலியான குளவிக்கூட்டைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள், காசில்லாத அடைப்பு. என் மனைவி அதை வீட்டுக்குள் விடமாட்டாள்.

வாங்கலாமா? பனி விழும் ஊரில், டிசம்பர் கடைசியில் ஃப்ளின்ட்லாக்கை எடுக்கிறவர் வாங்கலாம். நாலு அவுன்ஸ் ஒரு பருவத்தைத் தாண்டியும் வரும். கலிபோர்னியா மாதிரி காய்ந்த இடத்தில் இருப்பவர் குழல் கழுவ மட்டும் வாங்கட்டும். அனுப்பும்போது காகிதப் பையில்தான் வரும். இழை ஈரத்தை இழுக்கும் ரகம், வந்த அன்றே மூடியுள்ள தகர டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். தபால் செலவு ஒரு பைக்கும் மூன்று பைக்கும் ஒன்றுதான். அடுத்த முறை நானும் கிளப் நண்பரும் சேர்ந்து சொல்லப்போகிறோம், சக்கை பொறுக்கிய தரமாகப் பார்த்து அனுப்பச் சொல்லி.