தென்னை நார் பேனல் மாட்டி எட்டு மாசம் ஆச்சு, எப்படி இருக்குனு கேட்டவங்களுக்கு

ஸ்டேட்டஸ்ல சுங்குடி துணி போட்ட பேனல் போட்டோவ பாத்துட்டு நெறைய பேரு டீச்சர் இது என்ன, எங்க வாங்குனீங்கனு கேட்டுட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடுறேன். டியூஷன் ஹால்ல எதிரொலிய குறைக்க, சத்தத்த உறிஞ்சுறதுக்காக சுவத்துல மாட்டுன தென்னை நார் பலகைதான் அது.

பழங்காநத்தத்துல எங்க வீட்டு மாடில பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன். ஹால் 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி. தரை டைல்ஸ், சுவரு பூராம் பட்டி பாத்து வழுவழுனு பெயிண்ட், மேல கான்கிரீட். பன்னெண்டு வருசமா இதே ஹால்தான், பெருசா தொந்தரவு தெரிஞ்சதில்ல. போன மார்ச்ல பிள்ளைங்க வெக்கைல வாடுதேனு ஏசி மாட்டி ஜன்னலுக்கு கண்ணாடி போட்டு அடைச்சோம், அன்னைல இருந்து புடிச்சது சனி. நான் ஒன்னு சொன்னா சுவரு ரெண்டு தடவ சொல்லுது. பின்னாடி பெஞ்சுல ரெண்டு பேரு குசுகுசுனு பேசுனா அது முன்னாடி வந்து கலக்குது, அதுக்கு மேல நான் கத்த, நான் கத்துறேன்னு அவனுங்க இன்னும் கத்த, ஒன்பது மணிக்கு கீழ எறங்கி வரும்போது தொண்டை காஞ்சு தலை விண்ணுனு இருக்கும்.

இதுல எனக்கே வெக்கம் என்னன்னா, இந்த பாடத்த நான்தான் நடத்துறேன். தொறந்த ஜன்னல விட நல்லா சத்தத்த உறிஞ்சுறது எதுவும் கெடையாது, வெளிய போன சத்தம் திரும்பி வராது, அம்புட்டுதான். வாலஸ் சபைன்னு ஒரு ஹார்வர்டு யுனிவர்சிட்டி வாத்தியாரு, 1895ல ஒரு லெக்சர் ஹால்ல பேசுறது யாருக்கும் புரியலனு அத சரி பண்ண சொல்லி இவர்ட்ட விட்டாங்க, மனுசன் ராத்திரி ராத்திரியா பக்கத்து தியேட்டர் சீட்டு மெத்தைய தூக்கிட்டு வந்து அடுக்கி அடுக்கி, எத்தன மெத்தைக்கு எத்தன செகண்டு குறையுதுனு அளந்தாரு. அவரு கணக்குக்கு வச்ச அளவே தொறந்த ஜன்னல்தான். நான் அந்த ஜன்னல கைக்காசு போட்டு அடைச்சுட்டு சுவர திட்டிட்டு இருந்திருக்கேன். தொறந்து வைக்கலாம்னா காளவாசல் போற பஸ்ஸு ஹாரன் உள்ள வரும். ஜன்னல்ல மொபைல் ஆப்ப வச்சு பாத்தா சாயங்காலம் 70 டெசிபலுக்கு மேலயே நிக்குது, குடியிருப்பு ஏரியாவுக்கு 2000ம் வருச விதில பகலுக்கு 55தான்.

நான் கூட சமாளிச்சிருப்பேன். காதுக்கு மிஷின் போட்ட ஒரு பிள்ளை ப்ளஸ் ஒன்னுல சேந்துச்சு. முன் பெஞ்சுலதான் ஒக்காரும், ஆனாலும் வாயவே பாத்துட்டு இருக்கும். ஒரு நாள் கிளாஸ் முடிஞ்சு நின்னு, "மிஸ், ஸ்கூல்ல கேக்குது, இங்க எல்லாம் சேந்து கேக்குது"னுச்சு. மிஷின் நம்ம பேச்ச மட்டும் பெருசாக்காது, எதிரொலியவும் சேத்துதான் பெருசாக்கும். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

மொதல்ல எங்க வீட்டுக்காரர் தம்பி பேச்ச கேட்டு முட்டை அட்டை ஒட்டலாம்னு இருந்தேன். நல்லவேளை ஒட்டல, லேசான அட்டை அது, அது கிட்ட மாட்டுறது கீச்சு சத்தம் கொஞ்சம்தான், பேச்சு சத்தம் அப்படியே நிக்கும், அதுக்கு மேல கரப்பான்பூச்சிக்கு வீடு கட்டி குடுத்த புண்ணியம். அப்புறம் ஒரு கடைல கறுப்பு ஸ்பாஞ்ச் வாங்குனேன் (கடை பேரு வேணாம்). ஒரு இஞ்ச் கனம். மூணு வாரத்துல வெயிலுக்கு பசை விட்டு ஒவ்வொன்னா பொத்து பொத்துனு விழுந்துச்சு, ரூமுக்குள்ள ஒரே கெமிக்கல் வாடை, ஒரு துண்ட மொட்டை மாடில வச்சு பத்த வச்சு பாத்தேன், குப்புனு எரிஞ்சு கறும்பொகை. பிள்ளைங்க இருக்குற எடத்துல இதையா மாட்டி வச்சிருந்தோம்னு அன்னைக்கே பூராத்தையும் உரிச்சுட்டேன்.

கூட வேலை பாத்த ஒரு டீச்சருக்கு சிங்கம்புணரி சொந்த ஊரு. அங்கிட்டு பூராம் கயிறு தொழில்தானே, அவங்க சொந்தக்காரர் ஒருத்தர் நார் மெத்தை போடுறவரு, கொஞ்ச நாளா சத்தம் உறிஞ்சுற பேனலும் போடுறாருன்னாங்க. போய் பாத்தேன். நாரு மேல ரப்பர் பால் தெளிச்சு அமுக்கி ரெண்டு இஞ்ச் கனத்துக்கு பலகை மாதிரி எடுக்குறாங்க, அத வேப்பமர ரீப்பர் சட்டத்துல வச்சு மேல துணி. பின்னாடி பிளைவுட் கெடையாது, அதனால அந்த பசைல வர்ற ஃபார்மால்டிஹைடு கண்ணெரிச்சலும் இல்ல. பூச்சிக்கும் நெருப்புக்கும் போராக்ஸ் தண்ணில முக்கி காய வைக்கிறாராம். தீக்குச்சி வச்சு காட்ட சொன்னேன், கருகுச்சு, குப்புனு புடிக்கல. எரியவே எரியாதுனு நெனச்சுடாதீங்க, சுவிட்ச் போர்டு பக்கத்துல மாட்டாதீங்க.

துணிக்கு அவரு ரெக்சின் எடுத்து காட்டுனாரு, தொடைக்க ஈசினு. "அண்ணே, சத்தம் உள்ள போனாத்தானே உறிஞ்சும், ரெக்சின்ல பட்டு திரும்பில்ல வந்துரும்"னேன். சிரிச்சுட்டாரு. வாயில வச்சு ஊதுனா காத்து அந்தப்பக்கம் போகணும், அதான் துணிக்கு டெஸ்ட்டு. நான் பழைய சுங்குடி சேலை ஆறு குடுத்தேன், அதுலயே தச்சுட்டாரு. போட்டோல நீங்க பாத்தது எங்க அம்மா சேலை.

2 அடிக்கு 3 அடில 24 பேனல், மாட்டுறது வரைக்கும் 27,000 ஆச்சு. ஸ்பாஞ்ச விட ரெண்டு மடங்கு விலை, மறைக்கல. சித்திரைக்கு முன்னாடி தர்றேன்னவரு, அழகர் ஆத்துல எறங்கி மலைக்கும் திரும்பி போயாச்சு, இன்னும் ஆளக் காணோம். போன் போட்டா "டீச்சர், ஆளுக பூராம் திருவிழால நிக்கிறாங்க, வெரசா வந்துர்றேன்"ங்குறாரு. மதுரைக்காரியா இருந்துட்டு அதுக்கு என்னத்த சண்டை போட. வந்தது மே கடைசில. ஆனா வந்த மனுசன் வேலை தெரிஞ்சவரு. சுவத்தோட ஒட்டி அடிக்காம ரெண்டு இஞ்ச் எடவெளி விட்டு மாட்டுனாரு, அந்த எடவெளிதான் ஆம்பளப்பிள்ளைங்க கொரல் மாதிரி கனமான சத்தத்தயும் கொஞ்சம் புடிக்கும். பின் சுவருல பாதி, பக்கவாட்டுல ஒக்காந்தா காது வர்ற உயரத்துல மீதி. போர்டு பக்கம் வேணாம்னாரு, அங்க பட்டு பின்னாடி வரைக்கும் போகட்டும்னு.

காலி ரூம்ல கைதட்டி ஆப்ல பாத்தேன். சத்தம் 60 டெசிபல் அடங்குறதுக்கு, பேனல் மாட்டுறதுக்கு முன்னாடி 1.8 செகண்டு ஆச்சு, இப்ப 0.9. பிள்ளைங்க ஒக்காந்தா இன்னும் குறையும், மனுச ஒடம்பும் நல்லா உறிஞ்சும்ல. உலக சுகாதார நிறுவனம் 1999ல வகுப்பறைக்கு சொன்னது 0.6. காலி ரூம்லயே அது வரணும்னா இன்னும் இதே அளவு பேனல் மேல மாட்டணும், காசு வரட்டும். ஆனா மொத நாள் கிளாஸ்லயே நான் கொரல எறக்கிட்டேன், எறக்குனது எனக்கே தெரியல, எங்க வீட்டுக்காரர்தான் "என்ன இன்னைக்கு மாடில கிளாஸ் இல்லையா"னு மேல வந்து எட்டிப் பாத்தாரு. அந்த காது மிஷின் பிள்ளை இப்ப ரெண்டாவது பெஞ்சுக்கு கூட்டாளியோட போயிருச்சு, அங்க போய் பேசுதுனு திட்டவும் வேண்டியிருக்கு.

குறையும் இருக்கு. மொத பத்து நாளு ஈர நாரு வாடை, கயிறு குடோனுக்குள்ள ஒக்காந்த மாதிரி. துணி தையல் வழியா பொடி கொட்டும், தும்மல் உள்ள பிள்ளைங்கள ஒரு வாரம் கீழ வச்சு எடுத்தேன். ஐப்பசி மழைல மேற்கு சுவரு ஓதம் ஏறி ஒரு பேனல் பின்னாடி பூசணம் புடிச்சுருச்சு, கழட்டி வெயில்ல போட்டு மாட்டுனேன், ஒழுகுற சுவரா இருந்தா மொதல்ல சுவர பாருங்க. ஸ்குரூ மட்டமான ஸ்குரூ, ஒரு பேனல் சாஞ்சு தொங்குச்சு, நல்லவேளை ஞாயித்துக்கிழமை.

முக்கியமா ஒன்னு, இத மாட்டுனா பஸ் சத்தம் நிக்கும்னு வாங்காதீங்க. அந்த அண்ணனே மொத நாளே சொல்லிட்டாரு, "உள்ள இருக்குற சத்தத்துக்குத்தான் டீச்சர் இது, வெளிய இருந்து வர்றதுக்கு ஜன்னல் சந்து அடைக்கணும், கனமான கதவு போடணும், அது வேற செலவு"னு. பஸ் உறுமல் இப்பவும் வருது, எதிரொலி இல்லாததால முன்ன மாதிரி மண்டைல ஏறல.

கீழ எங்க மாமியார் ரூமுக்கு ஆறு பேனல் சொல்லியிருக்கேன், அவங்களுக்கு டிவி வால்யூம் 40ல வச்சாத்தான் கேக்குது. பொங்கலுக்கு அப்புறம் தர்றேன்னுருக்காரு. ஸ்குரூ நானே டவுன்ஹால் ரோட்டுல வாங்கி வச்சுட்டேன்.