டைனோசர் பார்க்க ரையோலியா, ஹைதராபாத்தா?

டைனோசர் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதுமே பிள்ளைகள் மனதில் கழுத்து நீண்ட ஒரு பெரிய எலும்புக்கூடு எழுந்து நின்றுவிடும். அதுதான் வேண்டுமென்றால் ஹைதராபாத் போங்கள். டைனோசர்கள் முட்டையிட்ட மண்ணையே பார்க்க வேண்டுமென்றால் குஜராத்தின் ரையோலி. இந்த வித்தியாசம் தெரியாமல் ரையோலிக்குப் போகிறவர்கள்தான் "வெறும் பாறைதானே" என்று அலுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

உண்மையில் அங்கே இருப்பது பாறைதான். அகமதாபாத்திலிருந்து சாலை வழியாக பாலாசினோர் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம். 1980களின் தொடக்கத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் இங்கே முட்டைகளையும் எலும்புகளையும் கண்டெடுத்தார்கள். தலையில் கொம்பு கொண்ட ஊனுண்ணியான ராஜாசாரஸ் இந்த ஊர் எலும்புகளிலிருந்துதான் 2003இல் உலகுக்கு அறிமுகமானது. முட்டைகள் பாறைக்குள் வட்ட வட்டமாகப் புதைந்து கிடக்கின்றன. யாராவது விரலை வைத்துக் காட்டும்வரை கண்ணில் படாது. ஒன்று தெரிந்துவிட்டால் பக்கத்திலேயே நாலு தெரியும். அதனால் இங்கே வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பாலாசினோர் முன்னாள் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆலியா சுல்தானா பாபி பல ஆண்டுகளாக இந்த இடத்தைக் காக்கக் குரல் கொடுத்து வருபவர். ஊர்ப் பாட்டி ஒருவர் மசாலா அரைக்க வைத்திருந்த கல் டைனோசர் முட்டையாக இருந்த கதையை அவர் சொல்லியிருக்கிறார்.

2019இல் திறந்த அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் முதலில் வெளியே, வெயில் ஏறுவதற்குள் பாறைகளைப் பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் இந்தச் சிரமம் எதுவும் இல்லை. பிர்லா மந்திர் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். 44 அடி நீளத்தில், கழுத்து நீண்ட கோட்டாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. பழைய அதிலாபாத் மாவட்டத்தின் யாமன்பள்ளியில் கிடைத்த அசல் எலும்புகள். தலை மட்டும் செய்து வைத்தது, ஏனென்றால் மண்டை ஓடு கிடைக்கவில்லை. அங்கே தோண்டி எடுத்த எலும்புகள் குறைந்தது 12 விலங்குகளுடையவை, எனவே ஒரே பிராணியைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இதற்குப் பெயர் வைத்த ஆய்வாளர் யாதகிரிதான் நம் அரியலூர்ப் பக்கத்தில் கிடைத்த புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரையும் சக ஆய்வாளர் அய்யாசாமியோடு சேர்ந்து விவரித்தவர். அந்த எலும்புகள் பிற்பாடு நொறுங்கிப் போய்விட்டன. இருந்திருந்தால் நாம் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது!

இன்னொரு விஷயம். கோட்டாசாரஸ் சுமார் 18 கோடி ஆண்டு பழையது, ராஜாசாரஸ் 7 கோடிக்கும் குறைவு. காலக்கணக்கில் ராஜாசாரஸுக்குக் கோட்டாசாரஸைவிட நாம்தான் நெருக்கம். இரண்டு ஊரையும் பார்த்துவிட்டு "ஒரே காலத்து மிருகங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

காந்திநகரின் இந்த்ரோடா பூங்காவையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். பொம்மை டைனோசர்கள், சில முட்டைகள், கூடவே மிருகக்காட்சி சாலை. ரையோலி போக நேரமில்லாதவர்களுக்குச் சரி, அவ்வளவுதான். குஜராத் இடங்களைப் பற்றி "உலகில் இரண்டாவது பெரியது", "மூன்றாவது பெரியது" என்று எழுதியிருப்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம். யார், எதை வைத்து அளந்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

என் ஓட்டு ரையோலிக்குத்தான், ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் மட்டும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தத் திறந்தவெளியில் நிற்கவே முடியாது. கைக்குழந்தையோ முட்டிவலிக்காரரோ கூட வந்தால், யோசிக்காமல் ஹைதராபாத்துக்கு டிக்கெட் போடுங்கள்.