செருகியிருந்தும் சார்ஜ் குறைந்த மடிக்கணினி: மூன்றரை ஆண்டு அனுபவம்

மூன்றரை ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வரும் மடிக்கணினி, யூஎஸ்பி-சி முனை வழியாக 100 வாட் சார்ஜரில் இயங்குவது. வீடியோ தொகுப்பு வேலைக்கென்றே வாங்கியதால், நாளின் பெரும்பகுதி அது மின் இணைப்பிலேயே இருக்கும். இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் கோளாறு தலைகாட்டியது. சார்ஜர் செருகியிருக்கும், திரையின் மூலையில் பிளக் அடையாளமும் தெரியும். ஆனால் ரெண்டர் செய்யத் (தொகுத்த வீடியோவை முழுக் கோப்பாக உருவாக்கத்) தொடங்கிய ஒரு மணி நேரத்தில் பேட்டரி 100 சதவீதத்திலிருந்து 85-க்கு இறங்கிவிடும். வேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால் மீண்டும் ஏறத் தொடங்கியிருக்கும். இரவெல்லாம் செருகி வைத்தால் காலையில் நூறு காட்டும் என்பதால், சார்ஜரையோ கேபிளையோ சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் பேட்டரியின் மீதுதான் பழியைப் போட்டேன். டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன், பயாஸை (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தேன், சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் பார்த்தேன். மென்பொருள் குழம்பியிருக்கும்போது இவை பலன் தரக்கூடியவைதான். என் இயந்திரத்தில் எதுவும் மாறவில்லை. காட்டிய சேவை மையத்தில், சரியாகச் சோதிக்காமலேயே பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், கோளாறு அப்படியே இருந்திருக்கும்.

அதற்கு முன் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததுதான் திருப்புமுனை. வடிவமைப்புக் கொள்ளளவு 80 வாட்-அவர் (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் செலவாகும் ஆற்றலே ஒரு வாட்-அவர்) என்றும், இப்போது முழுதாக ஏறும் அளவு 71 வாட்-அவர் என்றும் அது காட்டியது. இரண்டு ஆண்டு உழைத்த லித்தியம்-அயான் பேட்டரிக்கு இது கவலைப்பட வேண்டிய தேய்மானம் அல்ல. பிறகு ஒரு சிறு கணக்குப் போட்டேன். 71 வாட்-அவரில் 15 சதவீதம் ஏறத்தாழ 10.6, அது ஒரு மணி நேரத்தில் குறைகிறது என்றால், சார்ஜர் தருவதைவிடச் சுமார் 11 வாட் கூடுதலாக இயந்திரம் செலவழிக்கிறது, அந்தப் பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டுகிறது என்று பொருள். பேட்டரி தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. 100 வாட் சார்ஜரிடமிருந்து உண்மையில் எத்தனை வாட் வந்து சேர்கிறது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

யூஎஸ்பி-சி முனையில் செருகும் சிறிய மின் அளவி ஒன்றை இடையில் பொருத்தி ரெண்டரை ஓடவிட்டேன். அதன் திரையில் 20 வோல்ட், 2.95 ஆம்பியர் என்று நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் 3 ஆம்பியரைத் தாண்டவே இல்லை. பெருக்கிப் பார்த்தால் 59 வாட். அந்த எண்ணைக் கண்டதும் கேபிள் நினைவுக்கு வந்தது. சார்ஜருடன் வந்த கேபிள் முனையில் நைந்துபோனதால், கோளாறு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் மேசை இழுப்பறையில் கிடந்த வேறொன்றை மாட்டியிருந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் செல்ல வேண்டுமானால், தன் தகுதியைச் சார்ஜரிடம் அறிவிக்கும் இ-மார்க்கர் சில்லு கேபிளுக்குள் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளில் சார்ஜர் 3 ஆம்பியரோடு, அதாவது 60 வாட்டோடு நின்றுகொள்ளும். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது, குறை சொல்ல முடியாது. மெதுவாகச் சார்ஜ் ஆகிறது என்ற எச்சரிக்கையைச் சில இயந்திரங்கள் காட்டும், என்னுடையது காட்டவில்லை. அந்த ஒரு வரி திரையில் வந்திருந்தால் என் பல வாரங்கள் மிஞ்சியிருக்கும் என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

100 வாட் என்று குறிக்கப்பட்ட கேபிளை மாட்டியதும் அதே அளவியில் 4.6 ஆம்பியர் தெரிந்தது. ரெண்டர் ஓடும்போதே பேட்டரி ஏறியது.

மூன்றாம் ஆண்டில் இதே அறிகுறி மீண்டும் வந்தபோது நேராக அளவியை எடுத்தேன். இம்முறை சார்ஜரையும் மானிட்டரையும் ஒரு ஹப் (ஒரே முனையில் பல கருவிகளைச் செருக உதவும் பெட்டி) வழியாக இணைத்திருந்தேன். ஹப் தனக்கும் தன்னில் செருகிய கருவிகளுக்கும் ஒரு பங்கு மின்சாரத்தை ஒதுக்கிக்கொள்வதால் கணினிக்குக் குறைவாகவே சென்றது. சார்ஜரை நேரடியாகச் செருகியதும் தீர்ந்தது.

பழைய வட்டப் பின் சார்ஜர் உள்ளவர்களுக்கு, கணினிக்குச் செல்லும் கேபிள் பெரும்பாலும் சார்ஜரோடு சேர்ந்தே இருக்கும். அங்கே முனை தளர்ந்திருக்கிறதா, சார்ஜரை இயந்திரம் அடையாளம் காண்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மடிக்கணினிகளின் பயாஸ் திரையில் சார்ஜரின் வாட் அளவே தெரியும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பை இயக்கிவிட்டு மறந்தவர்கள், அதைக் கோளாறென்று எண்ணி அலைய வேண்டாம். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, இந்தச் சோதனைகள் எதையும் செய்யாமல் உடனே அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டுப் பேட்டரியை மாற்றக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது என் பேட்டரி முழுதாக 66 வாட்-அவர் ஏறுகிறது. 60 வாட் கேபிளின் இரு முனைகளிலும் சிவப்பு நாடா சுற்றி, கைப்பேசிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.