விஸ்கர் மெனு: பிடித்திருக்கிறது, ஆனாலும் கோபம் தீரவில்லை

லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்கு மாறலாமா என்று யோசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "மெனுவை நம் இஷ்டத்துக்கு அமைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, நீங்கள் ரொம்ப நாளாக வைத்திருக்கிறீர்கள், எப்படி இருக்கிறது?" அவருக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், நிறுத்த முடியவில்லை. மெனு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. போன அப்டேட்டில் அது மறுபடி கிளம்பிவிட்டது.

விஸ்கர் மெனு என்பது எக்ஸ்எஃப்சிஇ-யின் பேனலில் (திரை ஓரப் பட்டையில்) சேர்த்துக்கொள்ளும், மென்பொருள்களைப் பட்டியலிட்டுத் திறக்க உதவும் மெனு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒலிக்கோப்புகளை வெட்டி ஒட்ட ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், தவறு அதனுடையது இல்லை. அப்டேட் முடிந்ததும் மெனுவில் அதைக் கிளிக் செய்தேன். மவுஸ் குறி கொஞ்ச நேரம் சுற்றியது, நின்றது. விண்டோ வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. டெர்மினலைத் திறந்து கட்டளையை அடித்தால் உடனே திறக்கிறது. மெனுவுக்குத் திரும்பிக் கிளிக் செய்தால் மறுபடி சுற்றல், மறுபடி ஒன்றுமில்லை.

காரணம் இதுதான். அந்த மென்பொருளின் பெயர் மெனுவில் நீளமாக வந்து பாதியில் வெட்டுப்பட்டு நின்றதால், முன்பு ஒரு நாள் மெனுலிப்ரே என்ற மெனு எடிட்டரில் திறந்து பெயரைச் சுருக்கினேன். மாற்றியது அந்தப் பெயரை மட்டும்தான். ஆனால் எடிட்டர் அந்த லாஞ்சர் ஃபைலை முழுசாகவே என் ஹோம் ஃபோல்டருக்குள் நகலெடுத்து வைத்துக்கொண்டது. அந்த நகலில் மென்பொருளை இயக்கும் கட்டளை வரியும் இருந்தது, அதில் பழைய காலத்து ஆப்ஷன் ஒன்றும் இருந்தது. புதிய பதிப்பில் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டார்கள். அதற்கேற்ப அவர்களுடைய லாஞ்சர் ஃபைலையும் திருத்திவிட்டார்கள். என் நகலுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மென்பொருள் தெரியாத ஆப்ஷனைப் பார்த்து, யார் கண்ணிலும் படாத ஒரு பதிவு ஃபைலில் புகார் எழுதிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று புரிய, மெனு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மெனுவில் வரும் ஒவ்வொரு மென்பொருளும், பெரும்பாலும் யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில், 'டெஸ்க்டாப்' என்று முடியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலைப் போடுகிறது. லாஞ்சர் ஃபைல் என்று நான் சொன்னது இதைத்தான். பெயர், ஐகான், இயக்கும் கட்டளை, எந்தப் பிரிவு, தேடுவதற்கான சொற்கள் எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். விஸ்கர் மெனு இவற்றைப் படித்துத்தான் பட்டியல் போடுகிறது. நமக்கென்று தனியாக, ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் என்ற இடமும் உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் நம்முடையதுதான் எடுத்துக்கொள்ளப்படும். மற்றது இருப்பதாகவே மெனு கணக்கில் வைக்காது.

வரிக்கு வரி சேர்த்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. ஃபைலுக்கு ஃபைல்தான். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றச் சொன்னால் புதுச் சட்டையே தைத்துக் கொடுத்து, பழையதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது போன்ற வேலை. நான் மாற்ற நினைத்தது பெயரை. அதோடு கட்டளை, ஐகான், எந்தெந்த வகை ஃபைல்களைத் திறக்கும் என்ற பட்டியல் எல்லாமே அன்றைய நிலையில் உறைந்து போகின்றன. ஃபைலைத் திறந்து பாருங்கள், எத்தனை மொழிகளில் பெயர் வரிகள்! அத்தனையும் சேர்த்து நகல்.

இதே லினக்ஸில்தான், பின்னணியில் ஓடும் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி இருக்கிறது. அங்கே ஒரு சர்வீஸில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து அந்த வரியை மட்டும் எழுதினால் போதும். அது தனியாக ஒரு குட்டி ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும். மீதி எல்லாம் மூல ஃபைலிலிருந்தே வரும், மூல ஃபைல் புதுப்பிக்கப்பட்டால் புதியதாகவே வரும். ஒரு சர்வீஸுக்குக் கிடைக்கும் இந்த வசதி, தினமும் கையால் தொடும் மெனுவுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? இதைத்தான் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூல ஃபைலின் பெயரே மாறிவிட்டால் தொல்லை வேறு மாதிரி வரும். பல மென்பொருள்கள் தங்கள் லாஞ்சர் ஃபைலின் பெயரை ஆர்க், காம் என்று தொடங்கும் நீளமான வடிவத்துக்கு மாற்றிவிட்டன. பெயர் மாறிய பிறகு உங்கள் நகல் எதையும் மறைப்பதில்லை. பழைய பெயரோடு அது ஒரு பக்கம் நிற்கும், புதியது இன்னொரு பக்கம் நிற்கும். ஒரே ஐகான் இரண்டு முறை, கிளிக் செய்தால் ஒன்று வேலை செய்யும், மற்றது செய்யாமலும் போகலாம். ஒரே மென்பொருளை டிஸ்ட்ரோ (லினக்ஸ் வழங்கல்) தரும் பேக்கேஜாகவும், எந்த டிஸ்ட்ரோவிலும் நிறுவக்கூடிய ஃப்ளாட்பேக்காகவும் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரட்டைக் காட்சி நன்றாகப் பழகியிருக்கும்.

மறைப்பதும் இதே கதைதான். விஸ்கர் மெனுவில் ஒரு மென்பொருளின் மேல் வலது கிளிக் செய்தால் அதை மறைக்கும் வசதி வரும். நல்ல வசதிதான். ஆனால் மறைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை காட்டும்: திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் இன்ன ஃபைலை நீங்களே நீக்க வேண்டும், அல்லது எடிட்டரில் திறந்து இன்ன வரியை எடுக்க வேண்டும். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் மறைக்க ஒரு கிளிக் போதும் என்றால் காட்டவும் ஒரு கிளிக் இருக்க வேண்டாமா? புதிதாக லினக்ஸுக்கு வந்த ஒருவர் அந்தச் செய்தியைப் படித்தால் பயந்து 'வேண்டாம்' பட்டனைத்தான் அழுத்துவார்.

தமிழில் டெஸ்க்டாப்பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபைலைக் கையால் திறந்து 'நேம்' வரியை மாற்றுவீர்கள், சேமிப்பீர்கள், மெனுவில் பழைய பெயரே நிற்கும். உங்கள் மொழிக்கென்று தனிப் பெயர் வரி அதே ஃபைலில் கீழே எங்காவது இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. அந்த வரியைத் தேடி மாற்றினால் உடனே மாறும். 'அப்டேட் டெஸ்க்டாப் டேட்டாபேஸ்' கட்டளையை ஓட்டுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது எந்த ஃபைல் வகையை எந்த மென்பொருள் திறக்கும் என்ற பட்டியலைப் புதுப்பிப்பது. மெனுவில் தெரியும் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, நியாயமாகப் பேசுவோம். இதில் விஸ்கர் மெனுவைக் குறை சொல்ல முடியாது. மெனுலிப்ரேவையும் முழுசாகச் சொல்ல முடியாது. லினக்ஸ் டெஸ்க்டாப்களுக்காக ஃப்ரீடெஸ்க்டாப் என்ற கூட்டு முயற்சி வகுத்த பொது விதி அப்படி. அந்தப் பொது விதியால் கிடைத்த நன்மையும் சின்னதில்லை. ஒரு மென்பொருள் ஒரே ஒரு ஃபைலைப் போட்டால் போதும், க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என எந்த டெஸ்க்டாப்பிலும் அது மெனுவில் வந்துவிடுகிறது. நான் டெஸ்க்டாப்பை மாற்றிப் பார்த்தபோதெல்லாம் என் சொந்த லாஞ்சர்கள் கூடவே வந்தது இதனால்தான். இப்படி எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயங்கள் கணினி உலகத்தில் குறைவு. அதனால்தான் கோபமும் அதிகமாக வருகிறது. இவ்வளவு தூரம் நன்றாக யோசித்தவர்கள் அந்த ஒரு படி மேலே யோசித்திருக்கலாம்.

இப்போது பிடித்ததைச் சொல்கிறேன். விஸ்கர் மெனுவின் தேடல். பலர் இதை வெறும் பெயர்த் தேடல் என்று நினைக்கிறார்கள். பெயர், விளக்கம், கட்டளை, 'கீவேர்ட்ஸ்' வரி எல்லாவற்றிலும் தேடுகிறது. நானே உருவாக்கிய லாஞ்சர்களில் அந்த வரியில் என் மனதில் உடனே வரும் சொற்களைப் போட்டு வைத்திருக்கிறேன். மாதச் செலவுக் கணக்குத் தாளைத் திறக்கும் லாஞ்சருக்கு 'செலவு', 'கணக்கு', 'பாக்கி' என்று தமிழிலும், கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்கும்போது உதவ அவற்றையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தும் சேர்த்திருக்கிறேன். எந்த நிலையில் கீபோர்டு இருந்தாலும் இரண்டு மூன்று எழுத்துக்குள் அது முதல் வரிசைக்கு வந்துவிடும், என்டர் தட்டினால் திறந்துவிடும். இதைப் பழகிய பிறகு பிரிவு பிரிவாகப் போய்த் தேடுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

அப்புறம் தேடல் செயல்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது, அமைப்புகளில் கடைசித் தாவலில். கேள்விக்குறி போட்டு எழுதினால் வலைத்தேடல், ஆச்சரியக்குறி போட்டால் டெர்மினலில் கட்டளை, ஆச்சரியக்குறியோடு டபிள்யூ சேர்த்தால் விக்கிப்பீடியா. அந்த விக்கிப்பீடியா முகவரியைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சந்தேகம் வந்தால் பிரவுசரை முதலில் திறக்க வேண்டியதில்லை. இது ரொம்ப நாளாகவே இருக்கும் வசதி, ஆனால் பயன்படுத்துபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த மெனுவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

மூலையைப் பிடித்து இழுத்தால் மெனுவின் அளவு மாறும். பிரிவுகளின் மேல் மவுஸை வைத்தாலே மாறும்படி செய்யலாம், தேடல் பெட்டியை மேலேயோ கீழேயோ வைக்கலாம். மவுஸ் இருக்கும் இடத்திலேயே மெனு திறக்கும்படி பாப்அப் கட்டளைக்கு ஒரு ஷார்ட்கட் கொடுக்கலாம். பெரிய திரையில் மூலைக்குப் போய் வரும் அலைச்சல் மிச்சம்.

கேடிஇ பிளாஸ்மாவின் மெனுவையும் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்தேன். பேனலில் வலது கிளிக் செய்து மூன்று விதமான மெனுக்களுக்கு இடையில் மாறிக்கொள்ள முடிவது அருமை. க்னோமில் முழுத்திரை ஐகான்கள் என் கைக்கு ஒத்துவரவில்லை. இரண்டையும் இதற்கு மேல் சொல்லும் அளவுக்கு நான் பழகவில்லை.

இப்போது நான் செய்யும் ஏற்பாடு இது. மெனு எடிட்டரில் மென்பொருள்களோடு வந்த எந்த லாஞ்சரையும் தொடுவதில்லை. வேறு பெயரில், வேறு ஆப்ஷனில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால், மோதாத பெயரில் எனக்கென்று ஒரு புது ஃபைல் எழுதுகிறேன். மூலத்தை மெனுவிலிருந்து எடுக்க, அதே பெயரில் 'ஹிட்டன்' வரி உள்ள மூன்று நான்கு வரி ஃபைல் ஒன்று. அதில் கட்டளையே இல்லாததால் பழையதாகிப் போக ஒன்றுமில்லை. ஆனால் கவனம், ஹிட்டன் என்று போட்டால் அந்த லாஞ்சர் அழிக்கப்பட்டதாகவே கருதப்படும். ஃபைல் மேனேஜரில் 'இதைக்கொண்டு திற' பட்டியலிலும் அது வராது. மெனுவில் மட்டும் தெரியாமல் மற்ற இடங்களில் வேண்டுமானால் 'நோடிஸ்ப்ளே' போட வேண்டும். அதற்குக் கட்டளை வரியும் ஃபைல் வகைப் பட்டியலும் நகலில் இருந்தாக வேண்டும், ஆகவே பழைய தொல்லை பின்வாசல் வழியாக வந்துவிடும். என் புது ஃபைல்களில் 'ட்ரைஎக்ஸெக்' வரியையும் சேர்க்கிறேன். அந்த மென்பொருளை நீக்கிவிட்டால் லாஞ்சர் தானாகவே மெனுவிலிருந்து மறையும், உயிரில்லாத ஐகான்கள் சேராது.

பிரிவுகளை மாற்றி அடுக்குவதை விட்டே விட்டேன். எடிட்டரில் ஒன்றை இழுத்து வேறு பிரிவில் போட்டால் ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்எம்எல்லில் ஒரு மெனு ஃபைல் உருவாகிறது. அன்றிலிருந்து மெனுவின் வடிவத்தை அதுதான் தீர்மானிக்கும். ஒரு மென்பொருளை நகர்த்த அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, மெனுவைத் தன் விருப்பப்படி அடுக்கிப் பெயரிட்டுச் செதுக்குவதற்காகவே எக்ஸ்எஃப்சிஇ-க்கு வர நினைப்பவர்களுக்கு என் பதில்: அதற்காக வராதீர்கள். இதே விதிதான் மற்ற டெஸ்க்டாப்களிலும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். இன்றைக்கு என் மனநிலை அப்படித்தான் இருக்கிறது, ஒரு மதியம் முழுக்க நகல் ஃபைல்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நான் இதை விட்டுப் போகப் போவதில்லை, அந்தத் தேடல் பெட்டி இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. ஏற்கெனவே மெனுவை மாற்றி வைத்திருப்பவர்கள் அடுத்த பெரிய அப்டேட்டுக்கு முன் அந்த .லோக்கல் ஃபோல்டரைத் திறந்து, எதை எதற்காக நகலெடுத்தீர்கள் என்று பாருங்கள். நினைவுக்கு வராததை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு மெனுவைத் திறந்தால் எது தேவை, எது வெறும் சுமை என்று அங்கேயே தெரிந்துவிடும்.