விளக்குத்தூண் கடைத்தெருவில் விற்கும் சிவப்பழகு க்ரீம்: ஒரு மதிப்புரை

மதுரை விளக்குத்தூண் பக்கம், வளையலும் ரிப்பனும் விற்கும் ஃபேன்சி கடை ஒன்றின் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் வெளிநாட்டுச் சிவப்பழகு க்ரீமைப் பற்றியது இந்த மதிப்புரை. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்த என் அக்கா மகள், தோழி சொன்னாள் என்று அதை வாங்கி வந்தாள். கடையின் பெயரையும் க்ரீமின் பெயரையும் இங்கே எழுதவில்லை; இதே மாதிரிச் சரக்கு வேறு வேறு பெட்டிகளில் பல ஊர்களிலும் விற்பதால், அதன் அடையாளங்களைத் தெரிந்துகொள்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

முதலில் பலனைச் சொல்லிவிடுகிறேன். க்ரீம் வேலை செய்கிறது. ஒரு வாரத்துக்குள் முகம் பளிச்சென்று வெளுத்தது, பருத் தழும்புகளும் மங்கின. வாங்கியவர்கள் புகழ்வதற்கு இந்த வேகமே காரணம். நான் அஞ்சுவதற்கும் அதுவே காரணம். தோலின் நிறம் மெலனின் என்னும் நிறமியால் அமைவது. அதை இவ்வளவு விரைவாகக் குறைக்கும் பூச்சு என்றால், பாதரச உப்பு, மெலனின் உருவாவதைத் தடுக்கும் ஹைட்ரோகுயினோன் என்ற மருந்து, வீரியமான ஸ்டீராய்டு ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நிறத்தையோ மணத்தையோ வைத்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகச் சோதனைதான் சொல்லும்.

ஆனால் பெட்டியே பல விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. உட்பொருள் பட்டியல் இல்லை, இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இல்லை, இறக்குமதிப் பதிவு எண்ணும் இல்லை. 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, பதிவுச் சான்று பெறாத வெளிநாட்டு க்ரீமை இந்தியாவுக்குள் கொண்டுவரவே கூடாது. உள்ளே நான்காக மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டில், தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூச வேண்டும் என்றும், வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும் என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப்போகும் என்பது தெற்காவணி மூல வீதியில் நகை வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த செய்திதான். பாதரசம் கலந்த க்ரீம் வெளிச்சம் பட்டால் சாம்பல் நிறமாக மாறும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த எச்சரிக்கை எதற்காக என்பது விளங்கும். உட்பொருள் பட்டியல் உள்ள பெட்டிகளில் கலோமல், மெர்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்குரி என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் அவை மூன்றுமே பாதரசச் சேர்மங்கள்.

முகத்தில் பூசும் க்ரீமில் தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு விதிகள் கூறுகின்றன. தோல் வழியாக உடலுக்குள் போகும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்கி, அதன் வடிகட்டியைக் கெடுத்து, இரத்தத்திலுள்ள புரதத்தைச் சிறுநீரில் கசியவிடுகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சவ்வுச் சிறுநீரக நோயோடு (சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப் புரதம் கசியும் நோய்) வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பதும், காலும் கண்ணிமையும் வீங்குவதும் இதன் அறிகுறிகள். பூசுபவரோடு இது நிற்பதில்லை. துண்டு, தலையணை உறை வழியாகவும், ஆவியாகக் காற்றில் கலந்தும் வீட்டிலிருக்கும் கைக்குழந்தை வரை போகிறது என்பதுதான் என்னை மிகவும் கலங்கச் செய்கிறது.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு சரக்கு மெடிக்கல் ஷாப்பில் டியூபாகக் கிடைக்கிறது: ஹைட்ரோகுயினோன், வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெடினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்தது. மொமெட்டசோன் ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் அதைத் தர வேண்டும். எனக்கோ கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பு இழைகளாகத் தெரியும். முகத்தில் முடி வளரும். திடீரென்று நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். நீண்ட நாள் பூசியவர்கள் மருத்துவரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

கடையின் சேவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பில் கேட்டேன், தரவில்லை. பதிவு எண் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்கக்கா, இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லை" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கால் வீங்கி மருத்துவமனைக்குப் போகிறவர், முகத்தில் பூசிய க்ரீமை நினைத்துப் பார்த்து இந்தக் கடைக்குத் திரும்பி வரப்போவதில்லை.

அக்கா மகளை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனோம். க்ரீமை நிறுத்தச் சொல்லி, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை என்று வந்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. சில வாரங்களில் அவளுடைய பழைய நிறம் திரும்பியது, அந்த நிறத்தோடுதான் மணவறையில் உட்கார்ந்தாள்.

இந்த க்ரீமை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். கையில் வைத்திருப்பவர்கள் குப்பையில் போடவோ எரிக்கவோ வேண்டாம். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, பெட்டியோடும் துண்டுச்சீட்டோடும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் புகாராகக் கொடுங்கள்.