சி.எஸ்.க்யூ-8: மொத்தம் 20 வந்தால் தாளைத் திரும்பப் பாருங்கள்

மாரடைப்போ பைபாஸோ முடிந்து இதய மறுவாழ்வு வகுப்புக்கு வருபவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று அளக்க, கைக்கு அடக்கமான கருவி சி.எஸ்.க்யூ-8 (Client Satisfaction Questionnaire) என்ற இந்தக் கேள்வித்தாள். லார்சன், அட்கிஸன் குழுவினர் 1979-ல் வெளியிட்டது. 8 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். குறைந்தது 8, அதிகம் 32. ட்ரெட்மில்லில் இருந்து இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர்கூட நிரப்பிவிடலாம். இலவசம் இல்லை, உரிமம் வாங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது விடைகளின் வரிசை. 1, 3, 6, 7-ல் சிறந்த விடை (4) இடது ஓரத்தில் இருக்கும். 2, 4, 5, 8-ல் மோசமான விடை (1) அங்கே இருக்கும். படிக்காமல் ஒரே பத்தியில் மேலிருந்து கீழே வட்டமிட்டால், எந்தப் பத்தியாக இருந்தாலும் கூட்டல் சரியாக 20 வரும். "சுமாரான திருப்தி" என்று அதைப் பதிந்துவிட்டால் கணக்கு அங்கேயே கெட்டது.

எங்களுக்குப் பெரிய குறை 8-வது கேள்வி. மீண்டும் உதவி தேவைப்பட்டால் இங்கேயே வருவீர்களா என்கிறது. இதய நோயாளிக்கு மீண்டும் வருவது என்றால் இன்னொரு மாரடைப்பு. "ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்று நினைத்து 1-ஐ வட்டமிடுபவர் மையத்தைக் குறை சொல்லவில்லை. அந்த விடையை மட்டும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அடுத்தது, யாரிடம் எப்போது கொடுப்பது என்பது. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு 36 அமர்வுகள் வரை ஏற்கிறது. 36-வது அமர்வில் கொடுத்தால் கடைசிவரை வந்தவர்கள் மட்டுமே பதில் சொல்வார்கள். உயிர் பிழைத்த நன்றியில் 30-க்கு மேல் போட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் கட்ட வேண்டிய 20 சதவீதப் பங்கோ, பகல் 11 மணி வகுப்புக்கு லீவு கிடைக்காததோ தாங்காமல் பாதியில் நின்றவரின் குரல் அதில் ஏறாது. 12-வது அமர்விலேயே ஒருமுறை கொடுங்கள். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவரை அதே வாரம் போனில் கேளுங்கள். பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் தாளை வாங்கக் கூடாது. முகத்துக்கு நேரே யாரும் குறை எழுத மாட்டார்கள். வரவேற்பு மேசையில் பூட்டிய பெட்டி போதும்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 5-வது கேள்வி, அதாவது கிடைத்த உதவியின் அளவு, தனியாகச் சரிந்தால் ஆள் பற்றாக்குறையா என்று பாருங்கள். விடை எழுதாமல் விட்ட கேள்விக்கு 0 போட்டுக் கூட்டுவதும் தவறு: 7 விடைகளுக்கு உச்சம் 28தான்.

வாங்கலாம், ஆனால் தனியாகப் போதாது. வீட்டில் தனியே நடக்கப் பயம் குறைந்ததா, நாடி பார்க்கத் தெரிகிறதா, உடற்பயிற்சி எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று நோயாளியே சொல்லும், 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோல் புரிந்ததா, வகுப்பு நேரம் ஒத்துவருகிறதா என்ற நான்கையும் இது தொடவே இல்லை. உரிமம் பெற்ற தாளுக்குள் இவற்றைச் செருகாதீர்கள். வேறொரு தாளில் அச்சடித்து, மதிப்பெண்ணையும் தனியாகவே வையுங்கள்.